மாக் என்றால் மகன்



ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மொழிக்குக் கேலிக் என்று பெயர். அம்மொழியில் 'மாக்' என்றால் மகன். அரபுப் பெயர்களில் 'இப்னு' என்றும் 'பின்' என்றும் வரும் இடத்தில்தான் அது நிற்கிறது. டொனால்டின் மகன் மெக்டொனால்டு. கிரெகரின் மகன் மெக்கிரெகர். மகளுக்கு 'மாக்' பொருந்தாது. அவளுக்கு 'நிக்' என்று தனிச்சொல் உண்டு, நம்முடைய 'பின்த்' போல. உலகமெல்லாம் அறிந்த 'கிளான்' என்னும் சொல்லும் 'பிள்ளைகள்' என்ற பொருளில் பிறந்ததே. ஒரு மூதாதையின் பிள்ளைகள் ஒரு குலம். (தமிழில் 'மாக்' என்பதை 'மெக்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். பர்கர் கடையின் பெயர்ப்பலகை செய்த வேலையாக இருக்கலாம். இங்கும் அந்த வழக்கத்தை மாற்றவில்லை.)

கிளாஸ்கோ நகரில் நாங்கள் குடும்பத்தோடு சில ஆண்டுகள் வாழ்ந்தோம். அப்பகுதி மருத்துவரிடம் பெயர் பதியப் படிவம் நிரப்பியபோது ஐந்து பேருக்கு மூன்று குடும்பப்பெயர்கள் வந்தன. கணவருக்கு அவருடைய வாப்பாவின் பெயர், மனைவிக்கு அவருடைய வாப்பாவின் பெயர், பிள்ளைகள் மூவருக்கும் தங்கள் வாப்பாவின் பெயர். நீங்கள் அனைவரும் ஒரே குடும்பந்தானா என்று அங்கிருந்த பெண் பணிவோடு கேட்டார். விளக்கிச் சொன்னோம். அன்று மாலை இதை அண்டை வீட்டு மூதாட்டியிடம் கூறியபோது அவர் வியப்படையவில்லை. எங்கள் ஊர்க் கல்லறைகளைப் போய்ப் பாருங்கள் என்றார்.

போய்ப் பார்த்தோம். ஸ்காட்லாந்தின் பழைய கல்லறைகளில் கணவனின் பெயருக்குக் கீழே மனைவியின் பெயர் அவள் பிறந்த வீட்டுக் குலப்பெயருடன் பொறிக்கப்பட்டிருக்கிறது. கணவன் கேம்பெல், மனைவி மெக்லீன். ஐம்பது ஆண்டு இல்லறத்திற்குப் பின்னும் அவள் மெக்லீனாகவே அடக்கமாகியிருக்கிறாள். இங்கிலாந்தில் திருமணமான பெண் தன் பெயரை இழந்துவிடுவாள். ஸ்காட்லாந்துச் சட்ட ஆவணங்களோ அவளைத் தந்தையின் பெயராலேயே நெடுங்காலம் அழைத்து வந்தன. இதைக் கண்டபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. நிக்காஹ் முடிந்த பெண் தன் தந்தையின் பெயரை விட்டுவிட வேண்டும் என்று நம் மார்க்கம் ஒருபோதும் சொல்லவில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் குவைலிதின் மகளாகவும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அபூபக்ரின் மகளாகவுமே வரலாற்றில் நிற்கிறார்கள். அயல்நாட்டில் குடியேறிய நம் சகோதரிகள் சிலர், நாகரிகம் என்றெண்ணிக் கணவரின் பெயரைத் தம் பெயரோடு ஒட்டிக்கொள்கிறார்கள். அந்த நாகரிகம் ஸ்காட்லாந்துக்கே பிந்தி வந்த சரக்கு.

அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரே வரிசையில், ஒரே குடும்பத்தாராகத் தோன்றும் கற்களில், பெயரின் எழுத்துக்கள் வேறுபட்டிருந்தன. ஒரு கல்லில் 'மாக்' என்பதற்கு எம், ஏ, சி என மூன்று எழுத்து. அடுத்த கல்லில் ஏ இல்லை. மற்றொன்றில் எம் மட்டும் இருக்க, அதன் தலையில் ஒரு சிறு கீற்று. மூன்றும் ஒன்றே. எம்.சி. என்பது எழுதுபவர் கையைச் சுருக்கிக்கொண்ட வடிவம், நாம் 'முகம்மது' என்பதை 'மு.' என்று சுருக்குவது போல. ஏ இருந்தால் ஸ்காட்லாந்துக்காரர், இல்லாவிட்டால் அயர்லாந்துக்காரர் என்று பலர் உறுதியாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கு ஆதாரம் ஏதுமில்லை. இரு நாட்டிலும் இரு வடிவமும் உண்டு.

எழுத்து ஏன் இப்படி அலைந்தது என்பது சுவையான கதை. மலைநாட்டு மக்களுக்குப் பெயர் வாயில் இருந்தது, ஏட்டில் இருந்ததில்லை. 'அலஸ்டரின் மகன் டொனால்டின் மகன் இயன்' என்று தலைமுறைகளை அடுக்கிச் சொல்வதே அவர்கள் வழக்கம். அடுத்த தலைமுறையில் அந்த அடுக்கு ஒரு படி நகரும். வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் தந்தையின் பெயரைக் கொண்டே பிள்ளையை அழைக்கும் இம்முறை 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. இந்த வாய்ப்பெயரை ஏட்டில் ஏற்றியவர் தேவாலயத்தின் எழுத்தர். அவருக்குப் பல நேரம் கேலிக் தெரியாது. காதில் விழுந்ததை எழுதினார். 'எயகன்' என்ற பெயர் ஏட்டில் 'ஹெக்டர்' ஆயிற்று. 'டோர்மோட்' என்பவர் 'நார்மன்' ஆனார். அரசின் பிறப்பு இறப்புப் பதிவு அங்கே 1855இல்தான் தொடங்கியது. அதன் பிறகே எழுத்து மெல்ல மெல்ல ஓரிடத்தில் நின்றது.

கேலிக்கின் இலக்கணமும் இதில் பங்கு கொண்டது. தமிழில் சொல்லோடு சொல் சேரும்போது எழுத்து திரிவதை நாம் அறிவோம். கேலிக்கில் 'மகன்' என்ற சொல்லுக்குப் பின் தந்தையின் பெயர் வரும்போது அப்பெயரின் முதலெழுத்து மென்மையாகிக் கரைந்துவிடும். டொனால்டின் 'ட' அவ்வாறு கரையவே, அதைக் கேட்ட ஒருவர் 'மெக்கானல்' என்று எழுதினார். வேறொருவர் 'மெக்டோனல்' என்றார். ஆங்கிலம் தெரிந்த மூன்றாமவர் மகன் என்ற சொல்லையே மொழிபெயர்த்து 'டொனால்ட்சன்' ஆக்கினார். மூவரும் தனித்தனிப் பெயர்களோடு இன்று மூன்று கண்டங்களில் இருக்கலாம்.

இன்னொரு காரணம் அச்சகம். பழைய ஸ்காட்லாந்து எழுத்துமுறையில் 'யோக்' என்றோர் எழுத்து இருந்தது. அச்சுக்கோப்பவரிடம் அந்த எழுத்துக்கு ஈய அச்சு இல்லாததால், பார்வைக்கு அதைப் போலிருந்த இசட் எழுத்தைப் போட்டார். அதனால்தான் இன்றும் 'மென்ஸீஸ்' என எழுதப்படும் பெயரை ஊரார் 'மிங்கிஸ்' என்கிறார்கள். 'டால்ஸீல்' போல எழுதுவதை 'டீயெல்' என்கிறார்கள். ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதத் திண்டாடும் நமக்கும், தமிழுக்கே உரிய ஒலிகளை அரபு எழுத்தில் எழுதப் புள்ளிகள் சேர்த்து அரபுத்தமிழ் கண்ட நம் முன்னோர்க்கும் இந்தத் துயரம் புரியும்.

அரச குடும்பமும் தப்பவில்லை. 'ஸ்டூவர்ட்' என்னும் அரச மரபின் பெயர் முதலில் டபிள்யூ எழுத்தோடு இருந்தது. பிரெஞ்சு நாட்டில் வளர்ந்த மேரி அரசியின் காலத்தில், அம்மொழிக்கு இயல்பல்லாத அந்த எழுத்து உதிர்ந்து யூ வந்தது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் தந்தை தம் பெயரை 'பர்னஸ்' என்றே எழுதினார். மகன் 1786இல் அதைச் சுருக்கிக்கொண்டார்.

பெயர்களின் பொருளை அறியப் புகுந்தால் இன்னும் வியப்பு. மெக்கின்டயர் தச்சரின் மகன். மெக்கவன் கொல்லரின் மகன். மெக்னாப் மடாதிபதியின் மகன். 'கில்' என்ற ஒட்டு பணியாளரைக் குறிப்பது; கில்கிறிஸ்ட் என்றால் கிறிஸ்துவின் ஊழியர். மெக்லீன் என்பதிலும் அந்த 'கில்' கரைந்து கிடக்கிறது: புனிதர் யோவானின் ஊழியருடைய மகன். நம்மிடம் 'அப்து' என்பது அடிமை. அது அல்லாஹ்வின் பெயரோடு சேர்ந்தால்தான் பெயராகும். அப்துர் ரஹ்மானைப் பாதியில் வெட்டி 'அப்துல்' என்றழைப்பதும், அதைவிட மோசமாக ரஹ்மானை மட்டும் வைத்து மனிதரை அழைப்பதும் அயல்நாட்டு அலுவலகங்களில் அன்றாடம் நடக்கின்றன. மெக்லீனுக்குள் ஊழியர் தொலைந்தது போல் நம் பெயர்களுக்குள் அடிமை தொலைந்துவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

வேடிக்கையான பெயர்களும் உள்ளன. கேம்பெல் என்றால் கோணல் வாய். கேமரன் என்றால் கோணல் மூக்கு. என்றோ ஒரு முன்னோரைக் கேலி செய்த பட்டப்பெயர் பெருங்குலங்களின் பெருமைப்பெயராகிவிட்டது. பட்டப்பெயர் சூட்டி ஒருவரையொருவர் இகழ வேண்டாம் என்று தடுக்கும் இறைவசனமும் (49:11), ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே குலங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கினோம் என்ற கருத்துடைய வசனமும் (49:13) ஒரே அத்தியாயத்தில் ஒரு வசன இடைவெளியில் இருப்பதை அப்போது மீண்டும் எண்ணிப் பார்த்தோம்.

எழுத்து மாறினால் உறவு மாறாது. ஆனால் பெயரையே பறித்தால்? மெக்கிரெகர்களின் வரலாறு அதைத்தான் கேட்கிறது. 1603ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் என்ற பள்ளத்தாக்கில் அவர்கள் கொல்ஹூன் குலத்தாரோடு மோதிப் பலரைக் கொன்றனர். அதன் பின் ஏப்ரலில், ஆறாம் ஜேம்ஸ் மன்னர் இங்கிலாந்தின் முடியையும் ஏற்க லண்டன் புறப்படும் வேளையில், மன்னரின் ஆலோசனை மன்றம் மெக்கிரெகர் என்ற பெயரையே ஒழித்தது. அப்பெயரைச் சொல்லிக்கொள்பவருக்கு மரண தண்டனை. 1613இல் இன்னுமொரு சட்டம்: அக்குலத்தார் நால்வருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது. அவர்கள் மர்ரே ஆனார்கள், டிரம்மண்ட் ஆனார்கள், கிராண்ட் ஆனார்கள். பகைவரின் பெயரான கேம்பெலைக்கூடச் சூடிக்கொண்டார்கள். கதைகளில் புகழ்பெற்ற ராப் ராய் மெக்கிரெகர் கையெழுத்திட்டது தாய்வழிப் பெயரான கேம்பெல் என்றுதான். 1661இல் தடை நீங்கியது, 1693இல் மறுபடி வந்தது, 1774இல்தான் முற்றாக நீங்கியது. 171 ஆண்டுகள்!

தடை நீங்கியதும் நடந்ததே எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 826 பேர் கூடிக் கையெழுத்திட்டு ஒருவரைத் தங்கள் தலைவராக ஏற்றனர். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றியவர். அன்று அவருடைய பெயர் ஜான் மர்ரே. ஐந்தாறு தலைமுறைகளாகப் பிறர் பெயரில் வாழ்ந்தவர்கள் தாம் யார் என்பதை வீட்டுக்குள் மறக்காமல் சொல்லி வந்திருக்கிறார்கள். 1822இல் அவர்கள் ஒரு குலச்சங்கமும் கண்டனர்.

இதைப் படித்தபோது நம் காலத்து நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வராமல் இல்லை. 1984ஆம் ஆண்டின் கடைசியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் பல்கேரிய அரசு அந்நாட்டுத் துருக்கிய முஸ்லிம்களின் பெயர்களைப் பறித்து ஸ்லாவியப் பெயர்களைக் கட்டாயமாகத் திணித்தது. 1989இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுத் துருக்கிக்கு வெளியேறினர். மறு ஆண்டே பழைய பெயர்களைத் திரும்பப் பெற வழி பிறந்தது. ஆட்சிக்கு ஏன் பெயர் மீது இத்தனை அச்சம்? பெயர் இருந்தால் பாட்டனைத் தேடுவான். பாட்டனைத் தேடினால் அவன் தொழுத பள்ளியைத் தேடுவான்.

இனிக் குலச்சங்கங்களைப் பற்றி. இவற்றுள் மூத்தது புக்கானன் சங்கம். 1725இல் கிளாஸ்கோவில் தோன்றியது. தொடங்கியவர்கள் கொடி, இசை, விருந்து எதையும் நோக்கமாகக் கொள்ளவில்லை. தம் பெயருடைய ஏழைகளுக்கு உதவுவது, வசதியற்ற சிறுவர்களைத் தொழில் பழகவும் படிக்கவும் அனுப்புவது ஆகியவற்றுக்காகப் பணம் திரட்டினர். ஊரில் ஜமாஅத் பைத்துல்மால் நடத்துகிறவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. மெக்ஆஸ்லன் போன்று வேறு பெயர் தாங்கிய கிளைக்குடும்பங்களும் புக்கானன் குலத்தின் பகுதியாகவே எண்ணப்பட்டன. இத்தகைய கிளைகளை அங்கே 'செப்ட்' என்கிறார்கள். ஒவ்வொரு குலச்சங்கமும் தன் கிளைப்பெயர்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. உங்கள் பாட்டனாரின் பெயரை எந்த எழுத்தர் எப்படி எழுதியிருந்தாலும் அந்தப் பட்டியலில் ஒரு மூலையில் இடமிருக்கும். கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருவோர் முதலில் தேடுவது அந்தப் பட்டியலைத்தான். 1746இல் கல்லோடன் போரில் மலைநாட்டுப் படை தோற்ற பின் குலத்தலைவர்களின் அதிகாரம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்னர் ஆடு வளர்ப்பதற்காக நிலவுடைமையாளர்கள் குடிமக்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றினர். அவ்வாறு வெளியேற்றியவர்களுள் குலத்தலைவர்களே பலர். தந்தைபோல் இருக்க வேண்டியவரே வெளியேற்றினார்; கடல் கடந்தவர்களின் பேரர்கள் இன்றும் அவர் பெயரையே சுமக்கிறார்கள்.

ஒரே பெயர் என்றால் ஒரே இரத்தம் என்று கொள்வதற்கில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்கள் பாதுகாப்புக்காக அவர் பெயரைச் சூடிக்கொண்டது பொதுவழக்கு. ஒரு மூட்டை மாவுக்காகத் தலைவரின் பெயரை ஏற்றவர்கள் என்று ஃப்ரேசர் குலத்தின் ஒரு பகுதியினரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பசிக்குப் பெயர் மாற்றிய மனிதரைக் குறைசொல்ல நமக்கு நா எழவில்லை. ஆயினும் இங்கேதான் நம் மார்க்கம் ஒரு கோடு கிழிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களைப் பெற்ற மகன் போலவே வளர்த்தார்கள். மக்கள் அவரை 'முஹம்மதின் மகன் ஸைத்' என்றே அழைத்தனர். வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையர் பெயராலேயே அழையுங்கள் என்ற கட்டளை (33:5) வந்ததும் அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகனானார். உலகில் எவருக்கும் கிட்டாத அந்தப் பெருமைப்பெயரை உண்மைக்காக விட்டுக்கொடுத்தவர் அவர். அவர் மீது நபிகளார் வைத்த அன்பு அதனால் அணுவளவும் குறையவில்லை.

இதற்கு நேர் எதிரான இருவரை ஸ்காட்லாந்தில் காண்கிறோம். ஆலன் என்ற பெயருடன் பிறந்த இரு சகோதரர்கள் முதலில் எழுத்தை மாற்றினர், பிறகு 'ஹே ஆலன்' ஆயினர், கடைசியில் 'சோபியெஸ்கி ஸ்டூவர்ட்' என்று அரச குலத்தின் பெயரையே எடுத்துக்கொண்டு, முடியிழந்த இளவரசர் சார்லஸின் பேரர்கள் தாங்களே என்று பரப்பினர். 1842இல் பழஞ்சுவடியிலிருந்து பெயர்த்தது என்று சொல்லிக் குலங்களின் கட்டத்துணி வகைகளை விவரிக்கும் பெருநூல் ஒன்றை வெளியிட்டனர். அந்தச் சுவடி போலி. ஆனால் அதில் அவர்கள் வகுத்த கட்டங்கள் சிலவற்றை இன்றும் பழங்குலச் சின்னமாக மக்கள் பெருமையோடு உடுத்துகிறார்கள். தன் தந்தை அல்லாத ஒருவரைத் தெரிந்தே தந்தையென உரிமை கோருபவனுக்கு நபிமொழியில் எத்தனை கடுமையான எச்சரிக்கை உள்ளது என்பதை நாம் அறிவோம். உயர்குடிப் பட்டங்களை உரிமையின்றிச் சூடிக்கொள்ளும் ஆசை நம்மிடையிலும் இல்லாமலில்லை. எழுத்துப் பிழையை எழுத்தர் தலையில் போடலாம். இதை யார் தலையில் போடுவது?

பெயர்ப் பெருமையின் மறுபக்கம் பெயர்ப் பகை. 1692ஆம் ஆண்டு கிளென்கோ பள்ளத்தாக்கில் மெக்டொனால்டு குலத்தாரின் வீடுகளில் அரசப்படை வீரர்கள் ஏறத்தாழ இரு வாரம் விருந்தினராகத் தங்கினர். தலைமை தாங்கியவர் ராபர்ட் கேம்பெல். பிப்ரவரி 13ஆம் நாள் விடியுமுன், உண்ட வீட்டாரையே அவர்கள் வெட்டிச் சாய்த்தனர். சுமார் 38 பேர் கொல்லப்பட்டனர். பனியில் ஓடி உயிர்விட்டவர்கள் வேறு. அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்வதில் குலத்தலைவர் சில நாள் பிந்தியதே காரணமாகக் காட்டப்பட்டது. கட்டளை எடின்பரோவிலும் லண்டனிலும் இருந்தவர்களுடையது. வீரர்கள் அனைவரும் கேம்பெல்களும் அல்லர். இருந்தும் மூன்று நூற்றாண்டுகளாகப் பழி ஒரு பெயரின் மேல் நிற்கிறது. அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு விடுதியில் கேம்பெல்களுக்கு இடமில்லை என்று பலகை வைத்திருக்கிறார்கள். இப்போது அது விளையாட்டுக்குத்தான். பயணிகள் அருகில் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் எடுக்க விரும்பினர். ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்ற இறைநெறியை (6:164) அவர்களுக்கு நினைவூட்டினோம். பள்ளியில் எங்கோ நடந்த குற்றத்துக்காகத் தன் பெயரைச் சொல்லத் தயங்கிய நாள் மூத்தவனுக்கு உண்டு. அதனால் விளக்கம் நீளவில்லை.

குலப்பற்று எங்கே பகையாகிறது என்பதை இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருக்கிறார். 'அஸபிய்யா' என்று அவர் பெயரிட்ட குலப்பிணைப்பு ஆட்சிகளைக் கட்டவும் வல்லது என்பது அவர் கண்ட முடிவு. நபிமொழியோ அநீதிக்குத் துணைபோகும் அஸபிய்யாவை வெறுக்கிறது. உறவுகளைப் பேணுமளவுக்கு வம்சாவளியைக் கற்றுக்கொள்ளவும் சொல்கிறது. யாரோடு நிக்காஹ் கூடாது, யாருக்கு எவ்வளவு சொத்துரிமை, யார் வீட்டு மௌத்துக்குப் போகாமலிருந்தால் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும் என்பவையெல்லாம் உறவு தெரிந்தால்தானே தெரியும்?

தமிழ்நாட்டுக்கும் இக்குலப்பெயர்கள் வந்திருக்கின்றன. சென்னைத் தீவுத்திடலுக்கருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ, 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநர். மன்றோ என்பது மலைநாட்டுக் குலம். கேலிக்கில் அப்பெயர் 'ரோதக்' என்று வரும்; ஆங்கிலத்தில் யூ எழுத்தோடும் ஓ எழுத்தோடும் இறுதியில் ஈ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுவார்கள். அமெரிக்க அதிபராயிருந்த ஜேம்ஸ் மன்றோவும் அதே குலத்து வழியினரே. எழுத்து மட்டும் வேறு. தமிழர் அதற்கு றகரம் கொடுத்து நம் ஊர்ப்பெயர் போலாக்கிவிட்டனர். நம் பகுதிச் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கென்ஸி இன்னொருவர். 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நிலஅளவையாளரானவர். அவர் திரட்டியவற்றுள் பல சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. அவர் பெயரிலும் மேலே சொன்ன அந்தப் பழைய 'யோக்' எழுத்து ஒளிந்திருக்கிறது.

மெக்கென்ஸி பிறந்த ஊர் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே. அட்லாண்டிக் காற்று ஓயாமல் வீசும் அச்சிற்றூரில் 2018ஆம் ஆண்டு ரமலானையொட்டி ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அத்தீவுக்கூட்டத்தில் அதுவே முதல் பள்ளி. பாழடைந்திருந்த கட்டடமொன்றைப் பலரும் தந்த நன்கொடையில் செப்பனிட்டார்கள். தலைமுறைகளாக அங்கே வாழும் பாகிஸ்தானிய வழி முஸ்லிம் குடும்பங்களில் கேலிக் பேசுவோரும் உண்டு. ஸ்காட்லாந்தின் கட்டத்துணிப் பதிவேட்டில் 2012 முதல் இஸ்லாமியக் கட்டம் ஒன்றும் இடம்பெற்றிருக்கிறது: நீலம் நாட்டுக்கு, பச்சை தீனுக்கு, ஐந்து வெள்ளைக் கோடுகள் ஐந்து கடமைகளுக்கு, ஆறு பொன்னிறக் கோடுகள் ஈமானின் ஆறு அம்சங்களுக்கு, கறுப்புச் சதுரம் கஅபாவுக்கு. 2023இல் அந்நாட்டின் முதலமைச்சரான ஹம்ஸா யூஸுஃபின் இரு பெயர்களையும் ஆங்கிலத்தில் அவர் எழுதும் எழுத்துக்களைப் பாருங்கள். ஹம்ஸாவில் முதல் உயிர் யூ. யூஸுஃபில் கடைசி உயிர் ஏ. நம் ஊரில் வேறு எழுத்துக்களில் எழுதுவோம். பெயர் இறைத்தூதரின் பெயரேதான்.

இவையெல்லாம் படித்த பிறகு நாங்கள் செய்த ஒரே காரியம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியதுதான். எங்கள் பாட்டனாருடைய வாப்பாவுக்கு உடன்பிறந்தோர் நால்வர். ஒருவர் ஊரிலேயே மரைக்காயர். ஒருவர் கொழும்பு சென்று 'மரிக்கார்' ஆனார். ஒருவர் காரைக்காலில் பிரெஞ்சு எழுத்தரின் கையால் வேறு வடிவம் பெற்றார். கடைசியவர் பினாங்குக்குக் கப்பலேறினார். பினாங்கில் மரைக்காயர்கள் 'மெரிக்கன்' என்று எழுதப்படுகிறார்கள். கேட்பவர் அமெரிக்கா என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே மெரிக்கன் என்ற பெயருடையோர் ஏராளம். அனைவரும் எம்மவர் என்று சொந்தம் கொண்டாட முடியாது. பெயரோடு ஊரும், தாயார் பெயரும், கப்பல் ஏறிய ஆண்டும் பொருந்த வேண்டும்.

ஸ்காட்லாந்துச் சங்கங்களைப் போல் நாங்களும் பக்கத்தின் இடப்புறத்தில் ஒரே பெயரின் எல்லா வடிவங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறோம். வலப்புறத்தில் ஆட்களின் பெயர், தாயார் பெயர், இப்போது யாரிடம் கேட்க வேண்டும் என்ற குறிப்பு. கொழும்பு வரிசை ஏறக்குறைய நிரம்பிவிட்டது. அங்கே ஒரு பெரியம்மா உயிரோடு இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ், நினைவும் தெளிவாக இருக்கிறது. காரைக்கால் வரிசைக்குப் பள்ளிவாசலின் பழைய நிக்காஹ் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறோம். பினாங்கு வரிசையில் கடைசித் தம்பியின் பெயருக்குக் கீழே இரண்டு பெண் மக்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவர்கள் பெயரை ஊரில் யாரும் சொல்லவில்லை. அடுத்த பெருநாளைக்குள் அங்குள்ள ஒரு சகோதரர் விசாரித்துச் சொல்வதாக வாக்களித்திருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.